கூடுதலாகக் கிடைக்கும் மூன்று மாதத்தின் எடை: முற்றிய புற்றுநோயில் சிகிச்சைகளை ஒப்பிடுவது எப்படி

"இந்த மருந்தை எடுத்தால் சராசரியாக மூன்று மாதம் கூடுதலாகக் கிடைக்கும்." உடலின் பல இடங்களுக்குப் பரவிவிட்ட புற்றுநோய்க்கு அடுத்து என்ன செய்யலாம் என்று பேசும் அறையில் இப்படி ஒரு வாக்கியம் வந்து விழும். கேட்டவர் உடனே எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை நான்கு இருக்கின்றன. எதோடு ஒப்பிட்டு மூன்று மாதம்? யாருக்கு மூன்று மாதம்? அந்த மாதங்கள் எப்படிக் கழியும்? அவற்றைப் பெறுவதற்கு இப்போது கையில் இருக்கும் எத்தனை நல்ல நாட்களைக் கொடுக்க வேண்டும்? நான்குக்கும் பதில் தெரிந்த பிறகுதான் இரண்டு சிகிச்சைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். ஐந்தாவதாக ஒரு கேள்வியும் உண்டு, எல்லாவற்றையும்விட அதுதான் முக்கியம்: இந்த நோயாளிக்கு எது பலன்?

ஒரே எண், ஆளுக்கொரு மதிப்பு

1990-ல் இங்கிலாந்தில் வெளியான ஓர் ஆய்வில், பக்கவிளைவுகள் கடுமையாக இருக்கும் கீமோ ஒன்றை விவரித்துவிட்டு, "இதை ஏற்றுக்கொள்ள உங்களுக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு பலன் வேண்டும்?" என்று கேட்டார்கள். புற்றுநோய் இல்லாத பொதுமக்கள், குணமாகும் வாய்ப்பு 50 சதவீதமாவது இருக்க வேண்டும் என்றார்கள். புற்றுநோய் உள்ளவர்கள் சொன்னது 1 சதவீதம். குணமாகாது, வேதனை மட்டும் குறையும் என்றால்? ஆரோக்கியமானவர்கள் 75 சதவீத வாய்ப்பு கேட்டார்கள். நோயாளிகளுக்கு 10 சதவீதம் போதுமாக இருந்தது. மருத்துவர்களும் செவிலியர்களும் கேட்ட அளவுகள்கூட நோயாளிகள் கேட்டதைவிட அதிகமாகவே இருந்தன.

இதை மட்டும் படித்தால், நோயாளி எதையும் பிடித்துக்கொண்டு பிழைக்கத்தான் பார்ப்பார் என்று தோன்றும். 1998-ல் அமெரிக்காவில் வந்த இன்னோர் ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றுகிறது. அதில் பங்கேற்ற 81 பேருக்கும் முற்றிய நுரையீரல் புற்றுநோய். எல்லோரும் சிஸ்பிளாட்டின் கலந்த கீமோவை ஏற்கெனவே அனுபவித்தவர்கள், அதாவது விலை என்னவென்று தெரிந்தவர்கள். லேசான பக்கவிளைவுள்ள கீமோவுக்கு அவர்கள் எதிர்பார்த்த கூடுதல் ஆயுளின் நடுமதிப்பு, அதாவது பாதிப் பேர் அதைவிடக் குறைவாகவும் பாதிப் பேர் அதிகமாகவும் கேட்ட அளவு, நாலரை மாதம். கடுமையான பக்கவிளைவு என்றால் 9 மாதம். ஒரு வாரம் கூடுதலாகக் கிடைத்தாலும் எடுப்பேன் என்றவர்கள் அதே கூட்டத்தில் இருந்தார்கள். 24 மாதம் கிடைத்தாலும் வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள். மூன்று மாதத்துக்காக கீமோவை ஏற்பேன் என்றவர்கள் 22 சதவீதம்தான். ஆயுள் ஒரு நாள்கூட நீளாது, ஆனால் வேதனை நன்றாகக் குறையும் என்றபோது 68 சதவீதம் பேர் சரி என்றார்கள்.

இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு விஷயம் பிடிபடும். நல்ல உடல்நிலையில் இருக்கும் மகனோ மகளோ கணவரோ, "நானாக இருந்தால் இதை எடுக்க மாட்டேன்" என்றோ "கட்டாயம் எடுப்பேன்" என்றோ சொல்வதை வைத்து நோயாளியின் விருப்பத்தைக் கணிக்க முடியாது. ஒரு நோயாளியின் பதிலை வைத்து இன்னொரு நோயாளியைக் கணிப்பதும் முடியாது. ஒரு வாரத்துக்கும் 24 மாதத்துக்கும் நடுவே இருக்கும் தூரத்தை எந்தச் சராசரியாலும் நிரப்ப முடியாது. ஆகவே நோயாளியைத்தான் கேட்க வேண்டும்.

சராசரி என்று சொல்லப்படுவது எது

மருத்துவர் "சராசரியாக 12 மாதம்" என்று சொன்னால், பெரும்பாலும் அவர் சொல்வது நடுமதிப்பு. இதே நிலையில் உள்ள 100 பேரை எடுத்துக்கொண்டால், 12 மாதத்துக்கு முன்பே 50 பேர் இறந்திருப்பார்கள், 50 பேர் உயிரோடு இருப்பார்கள். இவ்வளவுதான் அந்த எண் சொல்வது. நோயாளியின் காதில் அது ஒரு தேதியாக விழுகிறது. நாள்காட்டியில் ஒரு மாதத்தைக் குறித்து வைத்துவிடுகிறார்.

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பரிந்துரைக்கும் ஒரு கணக்கு இங்கே மிகவும் உதவும். நடுமதிப்பை நான்கால் வகுத்தால் மோசமான நிலைமை கிடைக்கும். 100-ல் சுமார் 10 பேர் அதற்குள் இறந்துவிடுவார்கள். பாதிக்கும் இரண்டு மடங்குக்கும் இடைப்பட்ட காலம்தான் வழக்கமானது; ஏறக்குறைய 50 பேர் அதற்குள் வருவார்கள். மூன்று மடங்கு என்பது நல்ல நிலைமை. சுமார் 10 பேர் அதைத் தாண்டுவார்கள். 12 மாதம் என்ற எண்ணை இப்படி விரித்தால், 10 பேருக்கு 3 மாதம்கூட இல்லை, பாதிப் பேருக்கு 6 மாதத்திலிருந்து 24 மாதம் வரை, 10 பேருக்கு 36 மாதத்துக்கு மேல் என்று வரும். இது தோராயக் கணக்கு. சில மருந்துகளுக்குச் சரியாகப் பொருந்தாது, அதைப் பின்னால் பார்ப்போம். ஆனால் ஒற்றை எண்ணைவிட இந்த மூன்று எண்கள் நேர்மையானவை. மோசமான நிலைமைக்கு எதை இப்போதே முடித்து வைக்க வேண்டும், நல்ல நிலைமைக்கு எதைத் திட்டமிடலாம் என்று இரண்டையும் சேர்த்து யோசிக்க வைப்பவை.

ஸ்டீஃபன் ஜே கூல்ட் என்ற அமெரிக்க உயிரியல் அறிஞருக்கு 1982-ல் வயிற்று உறையில் மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய் கண்டறியப்பட்டது. அந்த நோய்க்கு அன்று சொல்லப்பட்ட நடுமதிப்பு 8 மாதம். அவர் 2002 வரை வாழ்ந்தார், கடைசியில் இறந்ததும் வேறொரு புற்றுநோயால். புள்ளியியல் தெரிந்தவர் என்பதால், நடுமதிப்புக்கு வலப்பக்கம் நீளும் வால், அதாவது நடுமதிப்பைத் தாண்டி நீண்ட காலம் வாழும் சிலரின் வரிசை, எவ்வளவு தூரம் போகிறது என்பதைத்தான் அவர் முதலில் பார்த்தார். எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று இதற்குப் பொருள் இல்லை. நடுமதிப்பு யாருடைய ஆயுள் தேதியும் இல்லை என்பதற்கு இது ஒரு சான்று.

பலன் என்ற ஒரே சொல்லுக்குள் இருப்பவை

முதலாவது, ஆயுள் கூடுவது. இரண்டாவது, நீண்ட காலம் வாழும் சிறு கூட்டத்தில் தானும் ஒருவராகும் வாய்ப்பு. மூன்றாவது, வலி, மூச்சுத்திணறல், வாந்தி போன்ற வேதனை குறைவது. நான்காவது, கட்டி சுருங்குவது. இந்த நான்கும் ஒன்றுக்கொன்று தொடர்புள்ளவை. ஆனாலும் ஒன்று நடந்தால் மற்றதும் நடந்தே தீரும் என்று இல்லை.

நான்காவதில்தான் மிக அதிகமாகக் குழப்பம் வருகிறது. ஸ்கேனில் அளந்த கட்டிகளின் விட்டங்களின் கூட்டுத்தொகை 30 சதவீதம் குறைந்தால், சிகிச்சைக்குப் பகுதியளவு பலன் கிடைத்ததாகக் கணக்கிடுவார்கள். 10 சென்டிமீட்டர் 7 ஆவது அதில் அடங்கும். 20 சதவீதம் கூடினால் நோய் முன்னேறியதாக அர்த்தம். மருத்துவர் "மருந்து வேலை செய்கிறது" என்று சொல்வது இந்தக் கணக்கை வைத்து. நோயாளி அதை "குணமாகிக்கொண்டிருக்கிறது" என்று கேட்கிறார். நோய் முன்னேறாமல் நின்ற காலம் நான்கு மாதம் நீண்டும் மொத்த ஆயுள் கூடாமல் போன மருந்துகள் பல உண்டு. கட்டி சுருங்கி அதனால் மூச்சுக்குழாய் திறந்து, இரவில் படுத்துத் தூங்க முடிந்தால், அது பலன். சுருங்கியது ஸ்கேனில் மட்டும் தெரிந்து உடம்பு ஒன்றையும் உணரவில்லை என்றால், அதற்காக எவ்வளவு பக்கவிளைவைத் தாங்கலாம் என்பது திறந்த கேள்விதான்.

முதலாவதையும் இரண்டாவதையும் பிரித்துப் பார்க்க 2007-ல் வந்த ஓர் ஆய்வு நல்ல உதாரணம். கணையப் புற்றுநோய்க்கு ஜெம்சிட்டபின் என்ற மருந்தோடு எர்லோட்டினிப் மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தார்கள். நடுமதிப்பு 5.91 மாதத்திலிருந்து 6.24 மாதமாகக் கூடியது. அதாவது 10 நாள். இதற்கா ஒரு மாத்திரை என்று தோன்றும். ஆனால் ஓராண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் 17 சதவீதத்திலிருந்து 23 சதவீதமாகக் கூடியிருந்தார்கள். 100 பேரில் 6 பேர் கூடுதல். "10 நாள்" என்று கேட்டு வேண்டாம் என்பவரும் "100-ல் 6 பேர்" என்று கேட்டு வேண்டும் என்பவரும் ஒரே ஆளாகக்கூட இருக்கலாம். எண்ணை எந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறோமோ அந்தப் பக்கம் முடிவு சாயும். அதனால்தான் இரண்டு பக்கமும் சொல்லப்பட வேண்டும் என்று நோயாளி கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

வாலின் மேல் நோயாளிகளுக்கு இருக்கும் ஈர்ப்பும் அளக்கப்பட்டிருக்கிறது. குறிப்பிட்ட காலம் உறுதியாகக் கிடைக்கும் ஒரு சிகிச்சையையும், சராசரி அதேபோல இருந்து சிலருக்குச் சீக்கிரம் முடிந்தும் சிலருக்கு நீண்ட காலம் தந்தும் போகிற இன்னொரு சிகிச்சையையும் முன்னால் வைத்து 2012-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் கேட்டபோது, புற்றுநோயாளிகளில் 77 சதவீதம் பேர் இரண்டாவதைத் தேர்ந்தார்கள். இதை ஏமாளித்தனம் என்று ஒதுக்குவது தவறு. உறுதியான காலம் மிகக் குறைவாக இருக்கும்போது, நீண்ட வாழ்க்கைக்கு ஒரு கதவு திறந்திருப்பதே பெரிய பொருள்.

வீரியமான கூட்டு மருந்தா, ஒற்றை மருந்தா

பரவிய கணையப் புற்றுநோயில் இந்தத் தேர்வு கண்ணாடிபோலத் தெரியும். 2011-ல் பிரான்சிலிருந்து வந்த ஆய்வில் 342 பேர். ஒரு பாதிக்கு ஃபோல்ஃபிரினாக்ஸ் எனப்படும் கூட்டு மருந்து. மறுபாதிக்கு ஜெம்சிட்டபின் மட்டும். ஆயுளின் நடுமதிப்பு முறையே 11.1 மாதம், 6.8 மாதம். வெள்ளணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்தவர்கள் 45.7 சதவீதம், 21 சதவீதம். அந்த நிலையில் காய்ச்சலும் வந்தவர்கள் 5.4 சதவீதம், 1.2 சதவீதம்.

நாட்களாக மாற்றிப் பார்க்கலாம். ஜெம்சிட்டபின் வாரம் ஒருமுறை அரை மணி நேரத்தில் ஏறிவிடும். தொடக்கத்து வாரங்களுக்குப் பிறகு, நான்கு வாரத்தில் மூன்று முறை. ஃபோல்ஃபிரினாக்ஸ் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. முந்தின நாள் ரத்தப் பரிசோதனை. முதல் நாள் பல மணி நேரம் நாற்காலியில். வீட்டுக்குப் போகும்போது மருந்து ஏற்றுவதற்காக மார்பில் தோலுக்கடியில் பொருத்திய போர்ட்டில் ஒரு சிறிய பம்ப் இணைத்திருக்கும்; அது 46 மணி நேரம் மருந்தை விட்டுக்கொண்டிருக்கும். மூன்றாம் நாள் அதைக் கழற்ற மீண்டும் வர வேண்டும். அந்த மருந்துகளில் ஒன்றான ஆக்சாலிபிளாட்டினால் முதல் சில நாட்கள் குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரல் சுரீரென்று கூசும். ஜில்லென்ற தண்ணீர் தொண்டையில் பட்டால் மூச்சே நின்றுவிடும்போல் இருக்கும். வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டால் இரண்டு மூன்று நாள் பசியும் சுறுசுறுப்பும் இருக்கும், தூக்கம் போய்விடும்; அது நின்றதும் ஆள் படுத்துவிடுவார். இரண்டாம் வாரத்தின் தொடக்கத்தில் வெள்ளணு குறையும் கட்டம். தெர்மாமீட்டர் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டு நின்றால் காலை வரை காத்திருக்கக் கூடாது, அந்த இரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதெல்லாம் போக, 14 நாளில் "என் நாள்" என்று சொல்லக்கூடியவை பலருக்குப் பாதிதான் தேறும்.

இவ்வளவும் படித்தால் ஒற்றை மருந்தே மேல் என்று தோன்றலாம். அங்கேதான் எதிர்பாராத ஒன்று. ஆறு மாத முடிவில் வாழ்க்கைத் தரம் மீளாமல் சரிந்தவர்கள் கூட்டு மருந்து எடுத்தவர்களில் 31 சதவீதம்; ஒற்றை மருந்து எடுத்தவர்களில் 66 சதவீதம். கடுமையான மருந்து நாளைக் கெடுக்கும், ஆனால் கட்டுக்கடங்காத நோய் அதைவிட மோசமாகக் கெடுக்கும் என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. மென்மையான சிகிச்சை என்றாலே வாழ்க்கை மென்மையாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் 75 வயதைத் தாண்டாதவர்கள், நடமாட்டத்தில் பெரிய குறை இல்லாதவர்கள். விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் படுக்கையிலோ நாற்காலியிலோ கழிக்கும் ஒருவருக்கு இந்த 11.1 என்ற எண் சொந்தமில்லை. அவர் உடம்பு பக்கவிளைவை முழுதாக வாங்கிக்கொள்ளும், பலன் முழுதாக வருமா என்பதற்கு இந்த ஆய்வில் ஆதாரம் இல்லை. "இந்த ஆய்வில் என்னைப்போன்றவர்கள் இருந்தார்களா?" என்ற கேள்விக்கு மருத்துவரிடம் பதில் வாங்காமல் எந்த எண்ணையும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது.

அவ்வளவு வீரியம் தாங்காதவருக்கு ஜெம்சிட்டபின் ஏன் கொடுக்கிறார்கள் என்பதும் பலனின் மதிப்பீட்டைத்தான் பேசுகிறது. 1997-ல் அதைப் பழைய மருந்தான ஃபுளூரோயூராசிலோடு ஒப்பிட்டபோது ஆயுள் வித்தியாசம் ஐந்து, ஆறு வாரம்தான். ஆனால் வலி, வலிமாத்திரையின் அளவு, நடமாட்டம், எடை ஆகியவற்றைச் சேர்த்து அளந்ததில் தேறியவர்கள் 23.8 சதவீதம், எதிரே 4.8 சதவீதம். வேதனை குறைவதைப் பலனாக எண்ணி அளந்த முன்னோடி ஆய்வுகளில் அது ஒன்று.

இம்யூனோதெரபி: வால் நீளும் இடம்

நடுமதிப்பை வைத்துப் போடும் கணக்கு பொருந்தாத இடம், உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியையே புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டிவிடும் இம்யூனோதெரபிதான். பரவிய மெலனோமா என்ற தோல் புற்றுநோயில், நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை மட்டும் எடுத்தவர்களில் 37 சதவீதம் பேர் 10 ஆண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள். நிவோலுமாப்போடு இப்பிலிமுமாப்பும் சேர்த்து எடுத்தவர்களில் 43 சதவீதம். பழைய ஒற்றை மருந்தான இப்பிலிமுமாப் மட்டும் எடுத்தவர்களில் 19 சதவீதம். கீமோவில் கனவிலும் காணாத எண்கள்.

இப்போது முதல் இரண்டையும் ஒப்பிடுங்கள். 10 ஆண்டில் 100 பேருக்கு 6 பேர் வித்தியாசம். கடுமையான பக்கவிளைவு, இரண்டு மருந்து எடுத்த 100 பேரில் ஏறத்தாழ 60 பேருக்கு. ஒற்றை மருந்தில் ஏறத்தாழ 25 பேருக்கு. பெருங்குடல் வீங்கி நாளைக்குப் பத்து முறை வயிற்றுப்போக்கு, கல்லீரல் அழற்சி, நுரையீரல் அழற்சி ஆகியவை இந்தக் கணக்கில் வருகின்றன. பெரும்பாலானவை ஸ்டீராய்டில் அடங்கும். ஆனால் பிட்யூட்டரி, அட்ரினல் போன்ற சுரப்பிகள் செயலிழந்தால் வாழ்நாள் முழுக்க மாத்திரை வேண்டும். இந்த ஆய்வு, நிவோலுமாப் வந்த இரண்டு பிரிவுகளையும் இப்பிலிமுமாப்போடு ஒப்பிட வடிவமைக்கப்பட்டது. அவை இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிட்டு வெற்றி தோல்வி சொல்ல அல்ல. ஆகவே அந்த 6-ஐ உறுதியான எண்ணாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது.

சின்னக் குழந்தைகள் உள்ள ஒருவருக்கு அந்த 6 பேரில் ஒருவராகும் வாய்ப்பு எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருக்கலாம். தனியாக வாழ்பவருக்கு, இரவில் திடீரென்று முடியாமல் போனால் கூட்டிப் போக ஆள் இல்லாதவருக்கு, அந்த 60 பெரிதாக இருக்கலாம். இரண்டு முடிவும் சரியானவை. ஆனால் இம்யூனோதெரபி எல்லாப் புற்றுநோய்க்கும் இப்படி வேலை செய்யாது. மெலனோமாவின் எண்ணைக் கேட்டுவிட்டுக் கணையத்துக்கோ குடலுக்கோ அதே நம்பிக்கையோடு போவது பெரும்பாலும் ஏமாற்றத்தில் முடியும். மருந்து பிடிக்கவே இரண்டு மூன்று மாதம் ஆகலாம் என்பதால், நோய் வேகமாக ஓடிக்கொண்டிருப்பவருக்கு அந்தக் காத்திருப்பும் விலைதான்.

சிறிய சிகிச்சைகள்

எலும்புக்குப் பரவிய வலிக்கு ரேடியேஷன் கொடுக்கும்போது 8 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவை ஒரே தடவையில் கொடுக்கலாம். 30 கிரேயைப் பத்து நாளாகவும் பிரிக்கலாம். வலி குறைவதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. பத்தில் ஏறக்குறைய ஆறு பேருக்குக் குறையும். மீண்டும் அதே இடத்துக்குக் கொடுக்க வேண்டி வருவது ஒரு தடவை முறையில் 100-ல் சுமார் 20 பேருக்கு, பல தடவை முறையில் சுமார் 8 பேருக்கு. நீண்ட பயணம் செய்து, வலியோடு மேசைமேல் ஏறி இறங்க வேண்டிய ஒருவருக்கு ஒரு நாளா பத்து நாளா என்பது அற்ப விஷயம் இல்லை. பரவலாகக் கேட்கப்படாத கேள்வி இது, கேளுங்கள். முதல் ஓரிரு நாள் வலி கூடிப் பிறகே குறையலாம் என்பதையும் முன்னரே தெரிந்துகொண்டால் பயம் இருக்காது.

வேதனையைத் தணிக்கும் சிகிச்சை: கடைசியில் வைக்கப்படும் முதல் தேவை

"இனி செய்ய ஒன்றும் இல்லை" என்ற பிறகுதான் பாலியேட்டிவ் கேர் என்று நினைப்பது, இந்தத் துறையில் நடக்கும் தவறுகளிலேயே அதிகம் வலிக்கும் தவறு. 2010-ல் வந்த ஆய்வில், புதிதாகக் கண்டறியப்பட்ட, பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் வழக்கமான புற்றுநோய்ச் சிகிச்சை. ஒரு பிரிவுக்கு மட்டும் தொடக்கத்திலேயே பாலியேட்டிவ் குழுவின் கவனிப்பும். அந்தப் பிரிவில் வாழ்க்கைத் தரம் உயர்ந்தது, மனச்சோர்வு குறைந்தது, கடைசி நாட்களில் கடுமையான சிகிச்சை பெற்றவர்கள் 54 சதவீதத்துக்கு எதிராக 33 சதவீதம்தான். ஆயுளின் நடுமதிப்போ 8.9 மாதத்துக்கு எதிராக 11.6 மாதம். கட்டுரையின் தொடக்கத்தில் வந்த அந்த மூன்று மாதத்துக்குக் கிட்டத்தட்டச் சமம், எந்தப் புதிய மருந்தும் இல்லாமல்.

2017-ல் வந்த இன்னொரு ஆய்வில் 766 பேர். கீமோ எடுக்கும் நோயாளிகளில் ஒரு பிரிவினர் தங்கள் வேதனைகளைக் கணினி வழியாகத் தொடர்ந்து பதிவு செய்தார்கள். ஏதாவது மோசமானால் செவிலியருக்கு உடனே தகவல் போகும். அவர்களின் நடுமதிப்பு 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26. வாந்தியையும் வலியையும் சொல்லிச் சரிசெய்துகொண்டவர் சிகிச்சையைத் தொடர முடிகிறது. பொறுத்துக்கொண்டு சொல்லாமல் இருப்பவர் படுக்கையில் விழுகிறார். "மருத்துவரைத் தொந்தரவு செய்யக் கூடாது" என்ற நல்ல மனது இங்கே ஆயுளையே குறைக்கிறது.

கீமோவை விட்டுவிட்டு இந்தக் கவனிப்பை மட்டும் தேர்வதும் முழுமையான ஒரு தேர்வு. நடமாட்டம் மிகக் குறைந்தவர்களுக்கும், ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்த இரண்டு மூன்று மருந்துகள் தோற்ற பிறகும், பல சமயம் அதுவே மேலானது. 2015-ல் வந்த ஓர் ஆய்வில், வாழ்வின் இறுதி மாதங்களில் கீமோ எடுத்தவர்களைப் பார்த்தபோது, ஏற்கெனவே தளர்ந்தவர்களின் கடைசி வார வாழ்க்கைத் தரம் அதனால் கூடவில்லை. நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர்களுக்கோ அது குறைந்தே இருந்தது.

முடிவு எங்கே தடம் புரள்கிறது

2012-ல் வெளியான ஓர் ஆய்வில், பரவிய புற்றுநோய்க்கு கீமோ எடுத்துக்கொண்டிருந்த 1193 பேரிடம், "இது உங்கள் நோயைக் குணப்படுத்த எவ்வளவு வாய்ப்பு?" என்று கேட்டார்கள். வாய்ப்பே இல்லை என்பதை அறிந்திருக்காதவர்கள் நுரையீரல் புற்றுநோயில் 69 சதவீதம், குடல் புற்றுநோயில் 81 சதவீதம். மனத்தை உலுக்குவது அடுத்த செய்தி: தங்கள் மருத்துவர் நன்றாகப் பேசுகிறார் என்று மதிப்பெண் கொடுத்தவர்களிடம்தான் இந்தத் தவறான எண்ணம் அதிகம் இருந்தது. இதமாகப் பேசுவதும் தெளிவாகப் பேசுவதும் எப்போதும் ஒன்றாக வருவதில்லை. குணமாகும் என்று நம்பி ஒருவர் விரல் மரத்துப்போவதை, சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாமல் போவதை ஏற்றுக்கொள்வது, பலனை மதிப்பிட்டு எடுத்த முடிவு ஆகாது. அவருக்கு வேறொரு பொருளைக் காட்டி விலை பேசியதற்குச் சமம் அது.

குடும்பம் நோயாளியிடமிருந்து உண்மையை மறைக்கும்போதும் இதே விளைவுதான். அன்பினால்தான் மறைக்கிறார்கள், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை நோயாளியுடையது. சிலர் எண்கள் வேண்டாம் என்பார்கள். அதை மதிக்க வேண்டும். "எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா, முக்கியமானதை மட்டுமா, அல்லது உங்கள் சார்பில் யாரிடமாவது பேசட்டுமா?" என்று முதலிலேயே கேட்டுவிட்டால் இந்த இழுபறி பாதி தீரும்.

இன்னொரு தடம்புரளல், ஓட்டம். முதல் மருந்து தோற்றால் இரண்டாவது, அது தோற்றால் மூன்றாவது என்று தானாக நகர்கிறது. ஒவ்வொரு வரிசையிலும் பலன் பொதுவாகக் குறைந்துகொண்டே வரும். உடம்பின் தாங்கும் சக்தியும் குறைந்துகொண்டே வரும். முதல் வரிசைக்குச் சொன்ன "சரி" மூன்றாவதுக்கும் சேர்த்துச் சொன்னதாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. அது தவறு. ஒவ்வொரு ஸ்கேனுக்குப் பிறகும் கேள்வி புதிதாகக் கேட்கப்பட வேண்டும்.

முயன்று பார்த்து முடிவெடுப்பது

எடுப்பதா வேண்டாமா என்று முடிவாகாதபோது, காலவரையறையோடு தொடங்குவது நல்ல வழி. இரண்டு அல்லது மூன்று சுற்று, அதாவது பெரும்பாலும் ஆறு முதல் ஒன்பது வாரம், பிறகு ஸ்கேன், பிறகு பேச்சு. தொடங்கும் முன்பே மூன்று விஷயங்களை எழுதி வைக்க வேண்டும். எதற்காக எடுக்கிறேன்: "படுத்துத் தூங்கும் அளவுக்கு மூச்சு சீராக வேண்டும்" என்பதுபோல் உடம்பில் உணரக்கூடிய ஒன்று. எதை இழக்கத் தயாராக இல்லை: தையல் வேலை செய்பவருக்கும் வயலின் வாசிப்பவருக்கும் விரல் உணர்ச்சி முக்கியம், அப்படியானால் நரம்பைப் பாதிக்காத மாற்று மருந்து உண்டா என்று மருத்துவர் தேடலாம், அல்லது மரப்பு தொடங்கியதும் அளவைக் குறைக்கலாம். எது நடந்தால் நிறுத்துவேன்: ஸ்கேனில் நோய் முன்னேறினால், இரண்டு முறைக்கு மேல் காய்ச்சலோடு சேர்க்க வேண்டி வந்தால், அல்லது தொடர்ந்து இரண்டு சுற்றில் பாதி நாட்களுக்கு மேல் எழுந்திருக்க முடியாமல் போனால்.

இதோடு ஒரு சின்ன நாட்குறிப்பு. பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். ஒவ்வொரு இரவும் அன்றைய தேதிக்கு எதிரே நல்ல நாள், சுமாரான நாள், கெட்ட நாள் என்று ஒரு குறி. மருத்துவமனையில் கழிந்த நாளுக்குத் தனிக் குறி. காத்திருப்பு, பரிசோதனை, பயணம் எல்லாம் அதில் சேரும். புற்றுநோய்த் துறையிலும் இதை நேரச்சுமை என்று சொல்லி அளக்க ஆரம்பித்திருக்கிறார்கள். பணச்சுமையையும் அதே தாளின் ஓரத்தில் எழுதலாம். அதைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவதால்தான் பல குடும்பங்கள் பாதி வழியில் முறிகின்றன. ஆறு வாரம் கழித்து மருத்துவர் ஸ்கேனைத் திரையில் வைக்கும்போது, நோயாளி இந்தத் தாளை மேசைமேல் வைக்கட்டும். 42 கட்டங்கள். அதில் நல்ல நாள் எத்தனை என்று மருத்துவர் எண்ணிப் பார்க்கட்டும்.

அப்போது கேட்க வேண்டியது: "இந்த மருந்தைத் தொடர்ந்தால் அடுத்த ஆறு வாரம் இதைவிட நன்றாக இருக்குமா, இப்படியே இருக்குமா, மோசமாகுமா? நிறுத்தினால் எப்படி இருக்கும்?" இரண்டுக்கும் பதில் வாங்க வேண்டும். நிறுத்தினால் என்ன ஆகும் என்ற இரண்டாவது பதிலைப் பலரும் கேட்காமலே எழுந்துவிடுகிறார்கள். மருத்துவர் சொல்வதை எழுதிக்கொள்ள ஒருவர் உடன் இருக்கட்டும். அவர் நோயாளிக்குப் பதிலாகப் பேச வேண்டாம், எழுதினால் போதும். அன்றே முடிவு சொல்ல வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது. இரண்டு நாள் அவகாசம் கேட்டால் எந்த நல்ல மருத்துவரும் தருவார்.